முப்பத்தெட்டு நிழல்கள்

2009 ஜூன் 14, ஞாயிறு.

ஒரு பிழை. மாலை வகுப்புக்கு எழுதிக் கொடுத்த 'எங்கள் மாவட்டம்: வரலாறு, புவியியல், பொருளாதாரம்' கட்டுரையில், அப்பாவுக்குக் கடலடியில் முப்பத்தெட்டு நிழல்கள் இருப்பதாக எழுதியிருந்தேன். அது தவறு. நாற்பத்தொன்று. நான் வகுப்புக்குப் போயிருந்த ஒரு நாளில் அப்பாவும் டிபு மாமாவும் இன்னும் மூன்று இறக்கியிருக்கிறார்கள். இன்று சாப்பிடும்போது அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்காமல் எழுதியது என் தப்பு. மிஸ் உஷரிடம் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். நாளை சிங்கி இறால் சீசன் திறக்கிறது. அப்பாவோடு நானும் போகிறேன்.

எவரிஸ்டா இதை எழுதிவிட்டு, 'நாற்பத்தொன்று' என்ற சொல்லின் கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டாள். எதையும் அப்படிச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். இருபத்திரண்டு வயது. ஆரஞ்சுக் காலத்தில் பள்ளத்தாக்கு ஆலையில் பழம் பிரிக்கிற வேலை. மற்றபடி அம்மாவோடு மரவள்ளி சீவி எரெபா ரொட்டி சுடுவாள். வாரத்தில் மூன்று நாள் சப்போட்டா முனையிலிருந்து பஸ் பிடித்து டங்ரிகா ஊருக்கு மாலை வகுப்புக்குப் போவாள். வகுப்பில் அவள்தான் கடைசியாகக் கை தூக்குகிறவள். சரியான விடை தெரிந்தாலும், இரண்டு முறை மனசுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கட்டுரைக்கு மட்டும் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். முன்னோர்கள் தோணியில் வந்து இறங்கியது, அறுபத்தொன்றில் புயல் கரையை வழித்துக்கொண்டு போனது, மலையடிவாரத்தில் ஆரஞ்சும் தெற்கே வாழையும் வந்தது, ஊரில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போனது எல்லாம் வரிசையாக இருந்தன. மீன்பிடி பற்றிய பத்தியில் முதல் பிரதியின் ஓரத்தில் மிஸ் உஷர் சிவப்பு மையில், 'பொதுவாக இருக்கிறது, உதாரணம் கொடு' என்று எழுதியிருந்தார். எவரிஸ்டா கொடுத்தாள். படமும் வரைந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று மே மாதக் கடைசியில் அதை டங்ரிகா நகர மன்றச் சுவரில் மாவட்டக் கண்காட்சிக்கு மாட்டினார்கள்.

திங்கட்கிழமை விடியும்போது மழை தூறி நின்றிருந்தது. மணல்கொசு காதுக்குள் புகுந்து கடித்தது. அன்செல்மோ லம்பே மகளை முன்னால் உட்கார வைத்துவிட்டு எஞ்சினை இழுத்தார். தோணியில் பேச்சில்லை. நான்கு மாதம் சிங்கியைத் தொடாமல் இருந்த மனிதர். முதல் நாளில் பேசினால் கடல் காது கொடுத்துக் கேட்கும் என்பது அவர் எண்ணம்.

நிழல் என்றால் இரண்டு கட்டைமேல் வைத்த துத்தநாகத் தகடு. மூன்று ஆள் ஆழத்தில் மணல்மேல் கிடக்கும். வெயிலுக்குப் பயந்த சிங்கிகள் தாமாக வந்து அடியில் கூடும். கூண்டு கிடையாது, வலை கிடையாது. யார் வேண்டுமானாலும் முங்கித் தகட்டைத் தூக்கலாம். அதனால் மேலே மிதவை கட்டுவதில்லை. இடத்தை மனசில்தான் வைத்திருக்க வேண்டும். கரையில் ஒரு கோடு, தீவில் ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். சப்போட்டா முனையில் ஒருவர் மற்றவரின் தோணியில் ஏறினால், கரையைப் பார்த்து உட்கார மாட்டார். அது மரியாதை.

அன்செல்மோவின் நிழல்கள் தெற்கு வடக்காக ஒரே வரிசை. சேவல் கொண்டை மலையின் மூன்றாம் பல்லுக்கு நேர்கீழே மாதா கோயில் சிலுவை வந்து நிற்க வேண்டும். கிழக்கே, தீவில் சாய்ந்த தென்னை பாறையை மறைக்க வேண்டும். அங்கே முதல் தகடு. மகன்கள் இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் இருக்க, இதை மகளுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முங்கினார். எழுந்தார். கையில் ஒன்றுமில்லை.

"என்னப்பா?"

"அடுத்தது போ."

அடுத்ததிலும் இல்லை. நான்காவதில் எழுந்தபோது வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டுச் சொன்னார். "தகடு கவுந்து கிடக்கு, எவி. கட்டை ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். மூடின சீசன்லயே எவனோ வந்து வழிச்சிருக்கான்."

ஒவ்வொன்றாக முங்கி, தகட்டை நிமிர்த்தி வைத்து எழுந்தார். ஐம்பத்தெட்டு வயது உடம்பு. இருபதாவதுக்குப் பிறகு தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினார். எவரிஸ்டா மடியில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு காலி, காலி என்று குறித்துக்கொண்டு வந்தாள். வரிசை முடிந்தது.

"பவளப் பாறைக்குப் பின்னால மூணு இருக்கு. ஏப்ரல்ல போட்டது. அதையும் பார்த்துருவோம்."

அங்கே முதல் முங்கிலேயே இரண்டு கையிலும் சிங்கியோடு எழுந்தார். மூன்று தகட்டிலும் நெருக்கிக்கொண்டு கிடந்தனவாம். தோணிக்குள் வால்கள் படபடவென்று அடித்தன. எவரிஸ்டா நோட்டைப் பார்த்தாள். காலி என்று எழுதியவற்றை எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டுதான்.

அது கடலின் எண் அல்ல, அவள் எழுதிய எண். கண்காட்சிச் சுவரில் மாட்டிய படத்தில் அவள் போட்ட புள்ளிகளின் எண். பள்ளிக்கூடத்துக் காகிதம் கடலுக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"மூணு விட்டு வச்சிருக்கான்," என்றார் அன்செல்மோ. சிங்கியைப் பிடித்த மகிழ்ச்சி அந்த முகத்தில் இல்லை. "திருடன் மூணு விட்டு வைப்பானா, எவி? வேண்டப்பட்டவன்தான் வைப்பான்."

இப்போது சொல்லியிருக்கலாம். தோணியில் இரண்டே பேர். அவள் நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

துறையில் கூட்டம். முதல் நாள் என்றால் திருவிழா மாதிரி. கூட்டுறவுச் சங்கத்துத் தராசைச் சுற்றி ஐஸ் பெட்டிகள், பொரித்த மாவு விற்கிற பெண்கள், சும்மா பார்க்க வந்தவர்கள். அன்செல்மோவின் சாக்கைப் பார்த்ததுமே ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன செல்மோ அண்ணே, சாக்கு காத்துல பறக்குது? உங்க சிங்கியெல்லாம் அமெரிக்காவுக்கு விசா வாங்கிட்டுப் போயிருச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்செல்மோ சாக்கைக் கீழே வைத்தார்.

"ஆமாடா. விசா வாங்கிக் கொடுத்தவன் இதோ இங்கதான் நிக்கறான்."

அவர் பார்த்த திசையில் டிபுர்சியோ, டிபு மாமா, நின்றிருந்தார். எவரிஸ்டாவின் அம்மாவுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது, கயிறு அறுத்தது. முப்பது வருஷமாக அன்செல்மோவோடு தகடு இறக்குகிறவர்.

"என்ன மச்சான் சொல்றே?"

"என் நிழலுக்குக் கோடு தெரிஞ்சவன், என் மகளை விட்டா, இந்த ஊர்ல ரெண்டே பேரு. ஒருத்தன் நான். நான் திருடல."

சிரிப்பு நின்றது. தராசுக்காரப் பெண் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எத்தனை போச்சு?" என்று கேட்டார் டிபுர்சியோ.

"ஏன், எடுக்கும்போது எண்ணலையா? முப்பத்தெட்டு. பாறைக்குப் பின்னாடி மூணை விட்டு வச்சிருக்கே. தங்கச்சி வீட்டுச் சட்டி காயக் கூடாதுன்னு நல்ல மனசு. ரொம்ப நன்றி."

"தகட்டைக் கவுத்துப் போட்டுட்டு வர்றவனா நான்?"

"வேற எவனோ எடுத்த மாதிரி இருக்கணும்ல? அதுக்குத்தான்."

டிபுர்சியோ பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு முப்பத்தெட்டு என்ற எண் அவருக்குள் போய் உட்கார்ந்தது போலிருந்தது. அன்செல்மோவின் தோளுக்குப் பின்னால் நின்ற எவரிஸ்டாவை ஒரு பார்வை பார்த்தார். ஒரு மூச்சு நேரம்தான். அப்புறம் தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சரி மச்சான். நீ சொன்னா சரி."

நடந்து போய்விட்டார். "ஒத்துக்கிட்டான் பாரு," என்றான் யாரோ. தராசுக்காரப் பெண் மட்டும், "ஒத்துக்கிட்ட மூஞ்சியா அது? போடா," என்றாள்.

வீட்டில் அம்மா சிமியோனா பச்சை வாழைக்காயை வேகவைத்து உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் குழம்பில் சிங்கித் தலைகள் கொதித்தன. வால் சங்கத்துக்கு, தலை வீட்டுக்கு. சேதி அதற்குள் அவளுக்கு வந்துவிட்டது. உலக்கை நிற்காமல் விழுந்தது.

"எங்கண்ணனையா சொன்னீங்க?"

"உங்கண்ணன்னா கடல்ல தனிச் சட்டமா?"

"பல்லு முளைக்காத காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும் அவனை. ஊரான் வீட்டு மாங்காயைக்கூட விழுந்து கிடந்தாத்தான் எடுப்பான்."

"அப்போ நானே முங்கி நானே எடுத்துட்டு மறந்துட்டேன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டேன்," என்றாள் சிமியோனா. இடித்த வாழைக்காய் ஹுடுத் உருண்டையைத் தட்டில் பொத்தென்று வைத்தாள். "சாப்பிடுங்க. அவன் விட்டு வச்ச சிங்கிதான். தொண்டையில இறங்குதான்னு பாருங்க."

அவருக்கு இறங்கவில்லை. எவரிஸ்டாவுக்கும் இறங்கவில்லை. குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே, ஒரு கணம், அவள் ஒன்று நினைத்தாள். ஒருவேளை மாமாதான் எடுத்திருந்தால்? எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? அப்படி நினைத்தது அவளுக்கே கேட்டது. முப்பத்தெட்டு தெரிந்தவன் எடுக்கலாம், நாற்பத்தொன்று தெரிந்தவன் ஏன் மூன்றை விட வேண்டும் என்று அவள் கணக்கே அவளைப் பார்த்துக் கேட்டது. தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்க் கொல்லையில் நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வகுப்பு இல்லாத நாளில், டங்ரிகாவுக்குப் பஸ் ஏறினாள். படத்தையாவது கழற்றிவிட வேண்டும். நகர மன்றச் சுவரில் வாழை ஏற்றுமதியின் படம் இருந்தது, புயலுக்குப் பின் கரை எப்படி இருந்தது என்ற படம் இருந்தது. நடுவில் வெள்ளைச் சதுரம். நான்கு மூலையிலும் குண்டூசியில் கிழிந்த காகிதத் துணுக்கு.

காவலாளி நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார். "அதா? சனிக்கிழமை ஒருத்தர் கிழிச்சிட்டுப் போயிட்டாரே."

"யாரு?"

"பேரு கேக்கல. கயிறு வாங்க வந்தவர். தோள்ல கயித்துச் சுருள் கிடந்துச்சு. அந்தப் படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. அழுவுறாரோன்னு நெனைச்சேன். நான் போயி, 'யோவ், அது மன்றத்துச் சொத்து'ன்னேன். 'எங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுய்யா, நான் எடுத்துக்கறேன்'ன்னு மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டாரு. நான் பிடுங்கியிருப்பேன். கையில ரெண்டு விரல் இல்லாத ஆளுகிட்ட என்னத்தைப் பிடுங்க?"

"அதுக்கு முன்னால வேற யாராவது வந்து பார்த்தாங்களா?"

"மூணு வாரமா சுவத்துல கிடந்துச்சும்மா. வர்றவங்க பார்க்கத்தானே மாட்டுறது? அந்தப் பொண்ணு நீதானா? நல்லாத்தான் வரைஞ்சிருந்தே. மலை அப்படியே மலை மாதிரி இருந்துச்சு."

அந்தப் பாராட்டு அவள் முதுகில் வெந்நீர் மாதிரி விழுந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஆரஞ்சு லாரிகள் எதிரே போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே சேவல் கொண்டை மலை ஊர்வரைக்கும் கூடவே வந்தது. மூன்றாம் பல்லை அவள் பார்க்கவில்லை.

டிபுர்சியோ கடல்திராட்சை மரத்தடியில் தலைகீழாகக் கவிழ்த்த தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். சீசனின் இரண்டாம் நாளில் கரையில் தோணி கவிழ்ந்து கிடப்பதை, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"வா எவி. தள்ளி நில்லு, தாரு ஒட்டும்."

"கடலுக்குப் போகலையா மாமா?"

"போனா எல்லாரும் நான் எந்தப் பக்கம் திரும்பறேன்னு பார்ப்பானுங்க. எதுக்கு வம்பு?"

அவள் நின்றாள். அவரே தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போய் மடித்த காகிதத்தை எடுத்து வந்து தந்தார். மடிப்பில் வியர்வைக் கறை இருந்தது.

"சனிக்கிழமை பார்த்தேன். ரெண்டு நாள்ல சீசன், அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுதுன்னு நெனைச்சேன். அது முன்னாடியே ஆயிருச்சு போல."

"ஏன் மாமா அப்பாகிட்ட சொல்லல? துறையில எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? நீ வகுப்புக்குப் போறதே அவனுக்கு அரை மனசு. பஸ்ஸை நிறுத்திருவான். அப்புறம் நீயும் மரவள்ளியும்தான்." மூன்று விரல் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தார் மூக்கில் ஒட்டியது. "இதைக் கேளு. உங்கப்பன் என்னைத் திட்டறது இது முதல் தடவையா? ஒரு தடவை எஞ்சினைத் தண்ணியில போட்டேன்னு மூணு மாசம் பேசல. அப்புறம் அவனே வந்தான், கறி கொண்டுக்கிட்டு. நீ வாயைத் தொறக்காதே. இந்தக் காகிதத்தை அடுப்புல போடு. நான் ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டேன்."

"துறையில திருடன்னு சொன்னாரே மாமா."

அவர் தூரிகையை எடுத்தார், ஏற்கெனவே பூசிய இடத்திலேயே மறுபடி பூசினார்.

"அது மட்டும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார்.

பத்து வீடு தாண்டினால் அவள் வீடு. காகிதம் கையிலிருந்தது, அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. சிமியோனா எரெபா சுடுகிற இரும்புத் தட்டில் மாவைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அன்செல்மோ வாசல் படியில் உட்கார்ந்து முங்குகிற கண்ணாடியின் ரப்பரைத் தைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. எவரிஸ்டா அவர் எதிரே நின்று காகிதத்தை விரித்து மணலில் வைத்தாள். காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் காலை வைத்துக்கொண்டாள்.

"இது என்ன?"

"நம்ம நிழலுப்பா. நான் வரைஞ்சது. வகுப்புக்கு. டங்ரிகாவுல சுவத்துல மாட்டியிருந்தாங்க. அதுல முப்பத்தெட்டுதான் போட்டேன். பாறைக்குப் பின்னால மூணு இருக்கறது எனக்குத் தெரியாது. அதான் அந்த மூணு தப்பிச்சது. மாமா எடுக்கல."

சரிபார்க்காமல் அவள் ஒரே மூச்சில் சொன்ன முதல் விடை அதுதான்.

அன்செல்மோ குனிந்து பார்த்தார். மலை, சிலுவை, சாய்ந்த தென்னை, நடுவில் புள்ளிகள். அவருடைய தகப்பன் அவருக்குத் தோணியில் வைத்து, வேறு யாரும் கேட்காத இடத்தில் சொன்னது. விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார். பிறகு காகிதத்தின் கீழே இருந்த எழுத்தைக் காட்டினார்.

"படி."

"அப்பா..."

"படிம்மா. எனக்குப் படிக்கிற கண்ணாடி இல்ல."

அவள் படித்தாள். "உதாரணமாக, சப்போட்டா முனையைச் சேர்ந்த அன்செல்மோ லம்பே இந்தக் கரையின் மிகத் திறமையான மீனவர்களில் ஒருவர். அவர் கருவி எதுவும் இல்லாமல், மலையையும் மரத்தையும் கொண்டே தன் முப்பத்தெட்டு நிழல்களையும் கண்டுபிடிக்கிறார். அவற்றை அவர் தன் கையாலேயே இறக்கினார்."

இரும்புத் தட்டில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. சிமியோனா திருப்பிப் போடவில்லை.

"தன் கையாலேயே," என்றார் அன்செல்மோ.

"ஆமாப்பா."

"ஒத்தை ஆளா அந்தத் தகட்டை இறக்க முடியுமா, எவி? நீ பார்த்திருக்கியே. மேலேர்ந்து ஒருத்தன் கயிறைப் பிடிக்கணும். கயிறு பிடிச்சுத்தானே அவன் விரலு போச்சு. என் தகட்டுக்குத்தான் போச்சு." ஊசியைக் கீழே வைத்தார். "அவன் பேரு எங்க?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். வரலாறு இருந்தது, புவியியல் இருந்தது, பொருளாதாரம் இருந்தது. டிபுர்சியோவின் பெயர் எங்கும் இல்லை. கடலில் தன் எண்ணைக் கண்டபோது வந்த வெட்கம் சின்னதாகப் போய்விட்டது.

"எழுதலப்பா."

"நீ எழுதாம விட்டே. நான் வேற பேரு வச்சேன்."

அவர் அடிப்பார் என்று அவள் நினைத்திருந்தாள், அல்லது பஸ்ஸை நிறுத்துவார் என்று. அவர் இரண்டும் செய்யவில்லை. அப்படியே உட்கார்ந்து, டிபுர்சியோவின் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அப்பாவுக்கு வெட்கம் வந்து அவள் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்தது போல, தோணியில் உட்காருகிற முறையில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் போய் மாமாகிட்ட..."

"வீட்டுல போய்ச் சொன்னா ஆச்சா? எங்க சொன்னேனோ அங்க சொல்லணும். அதே ஆளுங்க நிக்கும்போது. கூட நீயும் வரணும்."

உள்ளேயிருந்து சிமியோனாவின் குரல் வந்தது. "நானும் வருவேன். நாளைக்குப் பொழுதோட போவோம், அதுக்குள்ள அவன் தோணிக்குத் தாரு காயட்டும்."

2009 ஜூன் 16, செவ்வாய்.

நாளை செய்ய வேண்டியது: ஐந்து மணிக்குத் துறைக்குப் போக வேண்டும், தராசு திறக்கும்போது. அப்பா முதலில் பேசுவார், பிறகு நான். படத்தை வரைந்தது நான் என்று சொல்ல வேண்டும், மாமாவின் முழுப் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் மாமா வருவதாக இருந்தால், நாற்பத்தொரு தகட்டையும் தூக்கி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கயிறு அவர்தான் பிடிப்பார். மூன்று நாள் ஆகும். நாளை வகுப்புக்குப் போக முடியாது. தோணிக்கு நோட்டு எடுத்துப் போகக் கூடாது. கரைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும்.